200க்கு 200: 1992 பார்சிலோனா ஸ்கீட் போட்டியும் அதன் பின் வந்த எட்டு ஆண்டுகளும்

1992ஆம் ஆண்டு பார்சிலோனா ஒலிம்பிக்கில், பறக்கும் களிமண் தட்டுகளை ஷாட்கன்னால் சுடும் ஸ்கீட் போட்டியில் ஆண்களும் பெண்களும் ஒரே பட்டியலில் இடம்பெற்று, ஒரே களத்தில், ஒரே எண்ணிக்கையிலான இலக்குகளைச் சுட்டார்கள். சீனாவின் சிச்சுவான் மாகாணத்தைச் சேர்ந்த 24 வயது ஜாங் ஷான் தங்கம் வென்றார். ஒலிம்பிக் துப்பாக்கிச் சுடுதலில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் பொதுவான தனிநபர் போட்டி ஒன்றில் ஒரு பெண் தங்கம் வென்றது அதுவே முதல் முறை. அதற்குப் பிறகு இன்றுவரை அது நிகழவில்லை, நிகழ்வதற்கு வழியும் இல்லை. ஏனெனில் 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் ஸ்கீட் ஆண்களுக்கு மட்டும் உரியதாக மாறியிருந்தது. பெண்களுக்கென்று தனி ஸ்கீட் போட்டி அந்த ஆண்டு நடத்தப்படவில்லை. அது 2000 சிட்னி ஒலிம்பிக்கில்தான் வந்தது.

இந்த ஆய்வு அந்த வெற்றியையும், அதைத் தொடர்ந்த எட்டு ஆண்டு இடைவெளியையும் சேர்த்துப் பார்க்கிறது. பொதுப் போட்டியைப் பிரிப்பது சரியா தவறா என்பதில் இரு தரப்புக்கும் சொல்வதற்கு நியாயம் உண்டு. ஆனால் புதிய பிரிவை அமைப்பதற்கு முன்பே பழைய வாய்ப்பை எடுத்துவிட்டால், அந்த இடைவெளியின் முழுச் சுமையும் அப்போது களத்தில் இருக்கும் வீராங்கனைகளின் மீதே விழுகிறது. பார்சிலோனா நிகழ்விலிருந்து நான் முதன்மையாக எடுத்துக்கொள்வது இந்த வரிசைப் பிழையைத்தான்.

களமும் விதிகளும்

ஸ்கீட் களம் ஓர் அரைவட்டம். அதன் இடது முனையில் 'ஹை ஹவுஸ்' எனப்படும் உயரக் கூண்டும், வலது முனையில் 'லோ ஹவுஸ்' எனப்படும் தாழ்ந்த கூண்டும் இருக்கின்றன. முதலாவதிலிருந்து தட்டு தரைக்கு மேல் ஏறத்தாழ மூன்று மீட்டர் உயரத்திலும், இரண்டாவதிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்திலும் வெளிப்படுகிறது. வளைவின் மீது ஏழு நிலைகளும், இரு கூண்டுகளுக்கும் நடுவே எட்டாவது நிலையும் உள்ளன. சுடுபவர் நிலைக்கு நிலை நகர்ந்து, சில இடங்களில் ஒற்றைத் தட்டையும், சில இடங்களில் இரு கூண்டுகளிலிருந்தும் ஒரே கணத்தில் எதிரெதிராகப் பாயும் இரட்டைத் தட்டுகளையும் சுட வேண்டும். ஒரு சுற்றுக்கு 25 இலக்குகள். ஓர் இலக்குக்கு ஒரே ஒரு தோட்டா.

தட்டின் விட்டம் 110 மில்லிமீட்டர், எடை 105 கிராம். அது எப்போதும் ஒரே பாதையில்தான் பறக்கிறது. தட்டுகள் சுடுபவருக்கு முன்னாலிருந்து வெவ்வேறு திசைகளில் விலகிப் பறக்கும் டிராப் போட்டியைப் போலத் திசை மாறுவதில்லை. கடினம் வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. சுடுபவர் குரல் கொடுத்த பிறகு தட்டு உடனேயும் வரலாம், மூன்று நொடி வரை தாமதித்தும் வரலாம். அந்த இடைவெளியை யாரும் முன்கூட்டி அறிய முடியாது. தட்டு கண்ணில் படும்வரை துப்பாக்கியின் பின்கட்டை இடுப்பளவில், அங்கியில் தைத்திருக்கும் அடையாளப் பட்டியைத் தொட்டபடி இருந்தாக வேண்டும். தட்டு தென்பட்ட பிறகே துப்பாக்கியைத் தோளுக்கு உயர்த்தி, கன்னத்தில் பதித்து, தட்டைப் பின்தொடர்ந்து, அதைத் தாண்டிய ஒரு புள்ளியை நோக்கிச் சுட வேண்டும். இவை அனைத்தும் ஏறக்குறைய ஒரு நொடிக்குள் முடிந்துவிடுகின்றன. தட்டிலிருந்து கண்ணுக்குத் தெரியும்படி ஒரு சில்லாவது பெயர்ந்தால்தான் நடுவர் அதை உடைந்ததாகக் கணக்கில் எடுப்பார். வெறும் தூசி கிளம்பினால் அது தவறிய இலக்கு.

இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்தச் செயல்முறையில் உடல் வலிமை எங்கே தீர்மானமாக நிற்கிறது என்று தேடிப் பார்த்தால், கிடைப்பது மிகக் குறைவு. மூன்றரைக் கிலோ அளவிலான பன்னிரண்டு கேஜ் (குழல் அளவு) துப்பாக்கியை நாள் முழுவதும் ஒரே சீராக உயர்த்துவதற்குத் தோள் பழக வேண்டும். பின்னுதைப்பைத் தாங்கவும் உடல் பழக வேண்டும். இவை பயிற்சியால் வருபவை. அந்த எல்லையைக் கடந்தபின் வித்தியாசத்தை உண்டாக்குவன பார்வையின் கூர்மையும், அசைவின் சீர்மையும், இருநூறாவது தட்டிலும் முதல் தட்டுக்குக் கொடுத்த அதே கவனத்தைக் கொடுக்கும் மனமும்தான்.

பார்சிலோனாவில் நடந்தது

அன்றைய அமைப்பில் தகுதிச் சுற்றில் 150 இலக்குகள், அதில் தேறியவர்களுக்கு அரையிறுதியில் 50, இறுதிக்கு வந்த ஆறு பேருக்கு 25 என்று மொத்தம் 225 இலக்குகள் இருந்தன. ஜாங் ஷான் தகுதிச் சுற்றிலும் அரையிறுதியிலும் ஒரு தட்டைக்கூடத் தவறவிடவில்லை. 200க்கு 200. இறுதியில் 25க்கு 23 எடுத்து, மொத்தம் 223 புள்ளிகளுடன் முதலிடம் பெற்றார். பெருவின் ஹுவான் ஹியாவும் இத்தாலியின் புரூனோ ரொசெட்டியும் தலா 222 புள்ளிகளுடன் முறையே வெள்ளியும் வெண்கலமும் பெற்றார்கள்.

ஒரு புள்ளி வித்தியாசம் என்பதைப் பார்த்து, இது நூலிழையில் கிடைத்த வெற்றி என்று கருதுவது எளிது. நான் அவ்வாறு கருதவில்லை. அந்த 200 எவ்வளவு அரியது என்பதை ஒரு சிறு கணக்கால் உணரலாம். நூறு தட்டில் 98ஐ உடைக்கும் திறனுள்ள ஒருவர், அதாவது உலகத் தரத்தில் இருக்கும் ஒருவர், தொடர்ந்து 200ஐயும் உடைப்பதற்கான வாய்ப்பு 100க்கு 2க்கும் குறைவு. 97 விழுக்காட்டுத் திறன் உள்ளவருக்கு அது ஏறத்தாழ 400இல் ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது. 99 விழுக்காட்டுத் திறன் உள்ளவருக்குக்கூட 100க்கு 13 அளவில்தான் நிற்கிறது. ஆகவே அந்த நாட்களில் அவர் நல்வாய்ப்பால் முன்னே வந்தார் என்பதைவிட, களத்திலிருந்த எவருக்கும் குறையாத அடிப்படைத் திறனோடு அங்கே நின்றார் என்பதே பொருத்தமான வாசிப்பு. இறுதிச் சுற்றில் இரண்டு தட்டுகள் தவறியபோதும் தங்கம் அவரை விட்டுப் போகாததற்கு, முந்தைய 200இல் அவர் சேர்த்து வைத்திருந்த முன்னிலையே காரணம்.

ஆண்களோடு போட்டியிட்டுப் பதக்கம் பெற்ற முதல் பெண் அவர் அல்லர். 1976 மாண்ட்ரியாலில், மூன்று நிலை ரைஃபிள் போட்டியில் அமெரிக்காவின் மார்கரெட் மர்டாக், தம் நாட்டவரான லேனி பாஷமுடன் 1162 புள்ளிகளில் சமமாக நின்று, சமன்முறிப்பு விதியால் வெள்ளி பெற்றார். தேசிய கீதம் ஒலித்தபோது பாஷம் அவரைத் தம் மேடைப் படிக்கே அழைத்து நிறுத்திக்கொண்டார். ஷாட்கன் பிரிவில் இந்த வரலாறு இன்னும் பின்னே செல்கிறது. ஸ்கீட் முதன்முதலாக ஒலிம்பிக்கில் இடம்பெற்ற 1968 மெக்சிகோ போட்டியிலேயே, போட்டியை நடத்திய நாட்டின் நூரியா ஒர்டிஸ் ஆண்களோடு களமிறங்கியிருந்தார்.

நிகழ்ச்சி நிரலின் கணக்கு

பார்சிலோனாவில் துப்பாக்கிச் சுடுதலில் 13 போட்டிகள் நடந்தன: ஆண்களுக்கு 7, பெண்களுக்கு 4, இரு பாலாருக்கும் பொதுவாக 2. அந்த இரண்டும் ஷாட்கன் போட்டிகள்தான், டிராப்பும் ஸ்கீட்டும். அட்லாண்டாவில் மொத்தம் 15 ஆனது: ஆண்களுக்கு 10, பெண்களுக்கு 5, பொதுப் போட்டி எதுவும் இல்லை.

இந்த இரு வரிகளையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்க வேண்டும். பொதுவாக இருந்த டிராப், ஸ்கீட் இரண்டும் முழுமையாக ஆண்கள் கணக்கில் சேர்ந்தன. ஒரே நேரத்தில் இரண்டு தட்டுகள் வீசப்படும், புதிதாக வந்த டபுள் டிராப், ஆண்களுக்கு ஒன்றும் பெண்களுக்கு ஒன்றுமாகப் பிரித்து அளிக்கப்பட்டது. அதாவது ஷாட்கன் எடுத்த ஒரு பெண், 1992இல் இரண்டு ஒலிம்பிக் போட்டிகளில் கலந்துகொள்ள முடிந்தது. 1996இல் ஒன்றில் மட்டும். ஓர் ஆண் 1992இல் இரண்டில் கலந்துகொண்டார், 1996இல் மூன்றில். பெண்களுக்கான போட்டிகளின் எண்ணிக்கை 4லிருந்து 5 ஆக உயர்ந்தது என்று மட்டும் பார்த்தால் அது முன்னேற்றமாகத் தெரியும். ஷாட்கன் பிரிவை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் அது பின்னேற்றம். 2000 சிட்னியில் பெண்களுக்கான டிராப், ஸ்கீட் இரண்டும் சேர்க்கப்பட்டு, போட்டிகள் ஆண்களுக்கு 10, பெண்களுக்கு 7 என்று ஆன பிறகே அந்த இழப்பு ஈடுசெய்யப்பட்டது.

காரணத்தைப் பற்றி

ஒரு பெண் ஆண்களை வென்றார், அதனால் பெண்களை வெளியேற்றிவிட்டார்கள் என்று இந்த நிகழ்வைப் பலரும் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுகிறார்கள். அந்த வாக்கியம் கோபத்தைத் தூண்டுவதில் வெற்றி பெறுகிறது. விளக்கம் தருவதில் போதுமானதாக இல்லை. பிரிவினை பார்சிலோனாவில் தொடங்கவில்லை. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கிலேயே பெண்களுக்கென்று மூன்று ரைஃபிள், பிஸ்டல் போட்டிகள் தனியாக உருவாக்கப்பட்டன. 1988இல் ஏர் பிஸ்டலும் சேர்ந்தது. 1992 வருவதற்குள் ரைஃபிளும் பிஸ்டலும் பிரிந்துவிட்டிருந்தன. எஞ்சியிருந்தது ஷாட்கன் மட்டுமே. ஜாங் ஷான் வெள்ளியோ வெண்கலமோ பெற்றிருந்தாலும், எதுவுமே பெறாமல் திரும்பியிருந்தாலும், அதே திசையில் நகர்ந்துகொண்டிருந்த நிர்வாகம் ஷாட்கன் பிரிவையும் பிரித்திருக்கக்கூடும்.

பிரிப்பதற்கு ஆதரவான வாதமும் எளிதில் தள்ளக்கூடியது அன்று. பொதுப் போட்டியில் ஒரு நாட்டுக்குக் கிடைப்பது ஓரிரு இடங்கள். அந்த விளையாட்டில் ஆண்கள் பல மடங்கு அதிகமாக இருக்கும் நாட்டில், அந்த இடங்கள் அவர்களுக்கே போவது இயல்பு. ஒருவர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும், தேர்வுக் களத்தில் தம் நாட்டின் மிகச் சிறந்த ஆண் வீரரையும் வென்றால்தான் ஒலிம்பிக்கைப் பார்க்க முடியும் என்ற நிலையில், அதிகம் பெண்கள் இந்த விளையாட்டுக்கு வர மாட்டார்கள். வராததால் பயிற்சி வசதியும் உருவாகாது. தனிப் பிரிவு இருந்தால் ஒவ்வொரு நாடும் பெண்களைத் தேடிப் பயிற்றுவிக்கும் கட்டாயம் வரும். சிட்னிக்குப் பிறகு இது நடந்தது. பெண்கள் ஸ்கீட்டின் முதல் தங்கம் அசர்பைஜானின் செம்ஃபிரா மெஃப்தாஹெத்தினோவாவுக்கும், வெள்ளி ரஷ்யாவுக்கும், வெண்கலம் ஹங்கேரிக்கும் சென்றன; பின்னர் இத்தாலி, அமெரிக்கா, சிலி எனத் தங்கம் பரவியது.

ஆனால் இந்த வாதம் நியாயப்படுத்துவது பெண்களுக்குத் தனிப் போட்டி தொடங்குவதை. அது தொடங்கும் முன்பே பொதுப் போட்டியை மூடுவதை எந்த வகையிலும் நியாயப்படுத்தவில்லை. 1996இல் பெண்கள் ஸ்கீட் நடத்துவதற்கு இடமோ காலமோ இல்லையென்றால், அது வரும்வரை பொதுப் போட்டியைப் பொதுவாகவே விட்டிருக்கலாம். அதற்குப் புதிய களமோ கூடுதல் நாளோ தேவைப்பட்டிருக்காது. நிர்வாகிகளின் உள்நோக்கம் எதுவாக இருந்தாலும் இந்தக் கேள்விக்கு விடை தேவைப்படுகிறது. அதனால்தான் உள்நோக்கத்தைத் துருவுவதைவிட வரிசையைக் கேள்வி கேட்பது பயனுள்ளது என்று நினைக்கிறேன்.

இடைவெளியில் அகப்பட்டவர்கள்

நடப்புச் சாம்பியனாக இருந்த ஜாங் ஷான், 28 வயதில், தம் பட்டத்தைக் காத்துக்கொள்ள 1996இல் களமிறங்கும் வாய்ப்பே பெறவில்லை. அந்த ஆண்டு ஆண்கள் ஸ்கீட்டில் இத்தாலியின் எனியோ ஃபால்கோ 150க்கு 149 எடுத்து வென்றார்; அது மிகச் சிறந்த ஆட்டம், அதன் மதிப்பை இந்த ஆய்வு எவ்வகையிலும் குறைக்கவில்லை. ஜாங் ஷான் 2000இல் சிட்னிக்குத் திரும்பினார். ஆறு பேர் கொண்ட இறுதிச் சுற்றுக்குள் அவரால் நுழைய முடியவில்லை. எட்டு ஆண்டுகள் ஒரு சுடுவீரருக்கு என்ன செய்யும் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

கனடாவின் சூசன் நட்ராஸ் 1976இல் ஒலிம்பிக் டிராப்பில் போட்டியிட்ட முதல் பெண். டிராப்பில் பல முறை உலக சாம்பியன் பட்டம் வென்றவர். 1976, 1988, 1992, 2000, 2004, 2008 என்று அவர் கலந்துகொண்ட ஆறு ஒலிம்பிக்குகளின் வரிசையில், இடையில் 1996 இல்லை. அந்த ஆண்டு பெண்களுக்கு டிராப் இல்லை. பெண்களுக்கான ஷாட்கன் போட்டிகள் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட வேண்டும் என்று நீண்ட காலம் வாதாடியவர்களுள் அவரும் ஒருவர் என்பதை எண்ணும்போது, அந்த வெற்றிடம் இன்னும் கனக்கிறது.

மூன்றாவது எடுத்துக்காட்டு எதிர்த்திசையிலிருந்து வருகிறது. அமெரிக்காவின் கிம் ரோட், 1996இல் புதிதாகச் சேர்ந்த பெண்கள் டபுள் டிராப்பில் 17 வயதில் தங்கம் வென்றார். அதே போட்டியில் 2000இல் வெண்கலம், 2004இல் மீண்டும் தங்கம். அந்த வெற்றிக்குப் பின் பெண்கள் டபுள் டிராப் ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டது. ஜாங் ஷானைப் போலவே இவரும், பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு போட்டியை இழந்தார். ஆனால் இவருக்கு ஒரு மாற்று வழி இருந்தது: பெண்கள் ஸ்கீட் அப்போது நிரலில் இருந்தது. அதற்கு மாறிய ரோட் 2008இல் வெள்ளி, 2012 லண்டனில் 100க்கு 99 எடுத்துத் தங்கம், 2016இல் வெண்கலம் என்று, தொடர்ந்து ஆறு கோடைக்கால ஒலிம்பிக்குகளில் தனிநபர் பதக்கம் பெற்ற முதல் வீரராக ஆனார். இருவருமே அபாரமான திறமைசாலிகள். ஒருவருக்குப் போட்டி நீக்கப்பட்டபோது பக்கத்திலேயே இன்னொரு போட்டி இருந்தது. மற்றவரோ, தம் ஸ்கீட் பிரிவு திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

75க்கும் 125க்கும் இடையில்

2000இல் வாய்ப்பு திரும்பியபோது அது முழுமையாகத் திரும்பவில்லை. ஆண்கள் தகுதிச் சுற்றில் 125 இலக்குகள் சுட, பெண்களுக்கு 75 மட்டுமே ஒதுக்கப்பட்டது. பார்சிலோனாவில் ஒரு பெண் 225 தட்டுகளை ஆண்களோடு சேர்ந்து சுட்டுத் தங்கம் வென்றிருந்தும், இந்த வேறுபாடு 2016 வரை நீடித்தது. சர்வதேச துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பு 2018இல்தான் பெண்களுக்கும் 125 என்று சமன் செய்தது.

இதைக் கௌரவம் சார்ந்த குறையாக மட்டும் பார்க்கக் கூடாது. இலக்குகள் குறையும்போது திறமைக்கும் வாய்ப்புக்கும் இடையிலுள்ள விகிதமே மாறுகிறது. 98 விழுக்காட்டுத் திறன் உள்ளவருக்கும் 96 விழுக்காட்டுத் திறன் உள்ளவருக்கும் 75 இலக்குகளில் எதிர்பார்க்கக்கூடிய வித்தியாசம் ஒன்றரைத் தட்டு, 125இல் இரண்டரை, 200இல் நான்கு. தற்செயலான ஏற்றத்தாழ்வும் இலக்குகளோடு கூடுகிறது என்றாலும், அது அந்த வித்தியாசத்தைவிட மெதுவாகவே கூடுகிறது. ஆகவே குறுகிய போட்டியில் காற்றின் ஒரு வீச்சோ ஒரு கணத் தயக்கமோ தரவரிசையைக் கவிழ்த்துவிடும். நீண்ட போட்டியில் சிறந்தவர் மேலே வருவதற்கு நேரம் கிடைக்கும். பெண்களுக்கு அந்த நேரம் பதினாறு ஆண்டுகள் மறுக்கப்பட்டது.

சமன் செய்த பின் என்ன ஆனது என்பதை டோக்கியோ ஒலிம்பிக் காட்டியது. ஸ்லோவாக்கியாவின் ஸுஸானா ரெஹாக் ஷ்டெஃபெச்செகோவா பெண்கள் டிராப் தகுதிச் சுற்றில் 125க்கு 125 எடுத்தார். அதற்கு மேல் எடுக்க யாருக்கும் எண்ணிக்கை இல்லை. நீண்ட போட்டி பெண்களுக்குத் தேவையா என்ற ஐயம் எவருக்காவது மிச்சமிருந்தால், அந்தப் புள்ளிப் பலகை அதற்குப் பதில் சொல்லிவிட்டது.

கலப்பு அணிப் போட்டி ஈடாகுமா?

2016க்குப் பின் ஆண்கள் டபுள் டிராப்பும் வேறு இரண்டு ஆண்கள் போட்டிகளும் நீக்கப்பட்டு, அவற்றின் இடத்தில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இணைந்து சுடும் மூன்று கலப்பு அணிப் போட்டிகள் வந்தன. டோக்கியோவில் ஆண்களுக்கு 6, பெண்களுக்கு 6, கலப்பு 3 என்று 15 போட்டிகள் சம அளவில் அமைந்தன. ஷாட்கன் பிரிவில் டோக்கியோவில் கலப்பு டிராப் நடந்தது. ஸ்பெயின் 41-40 என்று சான் மரினோவை வென்றது. 2024 பாரிஸில் அதன் இடத்தில் கலப்பு ஸ்கீட் வந்தது. ஆணும் பெண்ணும் தலா 75 தட்டுகள் சுட்டு, 150க்கு அணியின் கூட்டுப் புள்ளி கணக்கிடப்பட்டது.

பாரிஸில் டயானா பக்கோசியும் கப்ரியேலே ரொசெட்டியும் இணைந்த இத்தாலி அணி 45-44 என்று அமெரிக்காவை வென்று தங்கம் பெற்றது. 2016 ரியோவில் தனிநபர் தங்கம் வென்ற இந்த கப்ரியேலே, பார்சிலோனாவில் ஜாங் ஷானுக்குப் பின் வெண்கலம் பெற்ற புரூனோ ரொசெட்டியின் மகன். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் சீனா 44-43 என்று இந்தியாவின் மகேஸ்வரி சவுகான், அனந்த்ஜீத் சிங் நரூகா இணையை ஒரே ஒரு தட்டில் முந்தியது.

கலப்பு அணிப் போட்டியை நான் மனமார வரவேற்கிறேன். ஒரு நாடு தன் ஸ்கீட் வீராங்கனையைப் புறக்கணித்துவிட்டுப் பதக்கம் பெற முடியாது என்ற நிலையை அது உருவாக்கியிருக்கிறது. பெண்ணின் ஒவ்வொரு தட்டும் ஆணின் தட்டுக்கு நிகரான எடையோடு அணியின் கணக்கில் ஏறுகிறது. எனினும் 1992இல் இருந்ததும் இதுவும் ஒன்றல்ல. கலப்பு அணியில் ஆணின் இடம் ஆணுக்கும் பெண்ணின் இடம் பெண்ணுக்கும் முன்பே ஒதுக்கப்பட்டிருக்கின்றன. களத்தில் நிற்கும் அத்தனை பேரிலும் சிறந்தவர் யார் என்ற கேள்வியை அந்தப் போட்டி கேட்பதில்லை. பார்சிலோனா அதைக் கேட்டது. 223 என்ற விடையும் கிடைத்தது.

தனிப் பிரிவுகளைக் கலைக்காமலேயே அந்தக் கேள்வியை மீண்டும் எழுப்ப வழி உண்டு. இன்று இரு பாலாரும் ஒரே வகைக் களத்தில், ஒரே தாமத விதியின் கீழ், தகுதிச் சுற்றில் ஒரே 125 இலக்குகளைச் சுடுகிறார்கள். உலகக் கோப்பைத் தொடர் போன்ற இடங்களில், ஒலிம்பிக் இட ஒதுக்கீட்டைத் தொடாமல், இரு தகுதிச் சுற்றுகளின் புள்ளிகளையும் சேர்த்து ஒரு பொதுத் தரவரிசையை வெளியிட்டு, முதல் ஆறு பேருக்கு ஓர் இறுதிச் சுற்று நடத்தலாம். அதற்காக எந்தப் பெண்ணும் தம் பிரிவை இழக்க வேண்டியதில்லை, எந்த ஆணும் தம் இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. தேவைப்படுவது கூடுதலாக ஒரு சுற்றுக்கான தட்டுகளும் ஒரு நடுவர் குழுவும் மட்டுமே.